ஆபிரிக்கத் திரைப்படத்தைக் கற்பித்தல்: மூலவளங்களும் உடைமையும்

1

கலைவடிவம் ஒன்றைக் கற்பிக்க முற்படுபவர் எதிர்நோக்கும் முதல் வினா, எதைக் கற்பிப்பது என்பதாகவே தோன்றும். நடைமுறையிலோ, எது கைக்கு எட்டுகின்றது என்பதே முதல் வினாவாக அமைந்துவிடுகின்றது. இலக்கியத்தைப் பொறுத்தவரையில் இவ்விரு வினாக்களுக்கும் இடையிலுள்ள தூரம் அத்துணைப் பெரிதன்று. அச்சேறிய நூலின் பிரதியொன்று ஏதாவதொரு நூலகத்தில் இருக்குமாயின் ஆசிரியரும் மாணவரும் அதனைக் கொண்டு வேலையைத் தொடங்கலாம். திரைப்படத்தின் நிலை வேறு. அது பிறப்பதற்கே மூலதனமும் ஆய்வுகூடமும் வேண்டும். பிறந்த பின்னர் மக்களைச் சென்றடைய விநியோகத்தரும் திரையரங்கும் வேண்டும். ஓடி முடிந்த பின்னர் அழியாதிருக்கக் குளிரூட்டிய களஞ்சியம் வேண்டும். மீண்டும் காட்டப்படுவதற்கு உரிமை வைத்திருப்பவரின் கையொப்பம் வேண்டும். ஆகவே, திரைப்படத்தைக் கற்பிப்பதற்கான வளங்களைத் தேடுதல் வெறுமனே நூலகப் பயிற்சி சார்ந்த செயலன்று. உற்பத்திச் சாதனங்களும் விநியோகச் சாதனங்களும் யாருடைய உடைமையாக உள்ளன என்னும் வினாவோடு அது பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது.

இவ்வுண்மை மிகத் துலக்கமாக வெளிப்படும் துறைகளுள் ஆபிரிக்கத் திரைப்படமும் ஒன்றாகும். அதனைப் பாடவிதானத்திற் சேர்க்க விரும்புவோர், போதிய வளங்கள் இல்லை என்று கூறுவதுண்டு. இக்கூற்றில் உள்ளது பாதியுண்மையே. படங்கள் உள்ளன, அவை பற்றிய நூல்கள் உள்ளன, நெறியாளர்களின் நேர்காணல்களும் கையெழுத்துப் படிகளும் பேணப்பட்டுள்ளன. அவை எங்கே, எம்மொழியில், எவருடைய பெயரில் உள்ளன என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி. ஆசிரியர் இக்கேள்வியைத் தமது தயாரிப்பு வேலையாகக் கருதி, வகுப்புக்கு வெளியே தீர்த்துக்கொண்டு வருதல் போதாது. அதுவே பாடத்தின் முதற்பகுதியாக அமைதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2

ஆபிரிக்காவைப் பொறுத்தவரை, 'கல்விக்கான திரைப்படம்' என்னும் தொடருக்கே ஒரு வரலாறு உண்டு. 1935 முதல் 1937 வரை தங்கனிக்காவை மையமாகக் கொண்டு 'பண்டு கல்வித் திரைப்படப் பரிசோதனை' என்னும் பெயரில் ஒரு திட்டம் நடத்தப்பட்டது. மண்ணரிப்பு, கொக்கிப்புழு நோய், வரி செலுத்துதல், தபாலகச் சேமிப்பு வங்கி முதலியன பற்றி ஆபிரிக்கருக்குப் போதிப்பதே அதன் நோக்கம். 1939இல் பிரித்தானிய அரசு குடியேற்ற நாட்டுத் திரைப்படப் பிரிவை நிறுவியது. ஆபிரிக்கப் பார்வையாளருக்குச் சிக்கலான படத்தொகுப்பு விளங்காது. அவர்களுக்கென எடுக்கப்படும் படங்கள் மெதுவாகவும் எளிமையாகவும் நேர்கோட்டிலும் செல்லவேண்டும் என்பது அப்பிரிவை வழிநடத்தியவர்களின் கோட்பாடாக இருந்தது. பார்ப்பவனைப் பற்றிய இழிவான மதிப்பீடே அங்கு படத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

பிரெஞ்சு ஆட்சிப் பரப்பில் இன்னொரு வழி கையாளப்பட்டது. 1934இல் வெளியிடப்பட்ட லவால் ஆணையின்படி, ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிற் படம்பிடிக்க விரும்பும் எவரும் நிர்வாகத்தின் முன்னனுமதியைப் பெறவேண்டியிருந்தது. அனுமதியை மீறி எடுத்த 'ஆபிரிக்கா 50' என்னும் குறும்படத்துக்காக ரெனே வொத்தியே என்னும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டு சிறைவைக்கப்பட்டார். 1950இல் உருவான அப்படம் பிரான்சில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது. போலின் சுமனு வியேராவும் அவருடைய நண்பர்களும் தாயகத்திற் படமெடுக்க வழியின்றிப் பாரிஸ் வாழ் ஆபிரிக்கரைப் பற்றி 'சென் நதிக்கரையில் ஆபிரிக்கா' என்ற படத்தை 1955இல் எடுத்தனர். ஆபிரிக்கத் திரைப்பட வரலாற்றின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று ஆபிரிக்காவுக்கு வெளியே பிறந்தமை தற்செயல் நிகழ்வன்று.

அரசியல் விடுதலைக்குப் பின்னரும் இவ்வுறவு அறுந்துவிடவில்லை. அதன் வடிவமே மாறியது. 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஒத்துழைப்பு அமைச்சு ஆபிரிக்க நெறியாளர்களுக்குப் பணமும் தொழில்நுட்ப வசதியும் வழங்கியது. பல படங்களின் வணிகம் சாராத காட்சி உரிமைகளை விலைகொடுத்து வாங்கியது. அப்படங்கள் பாரிஸிலே சேகரிக்கப்பட்டு, பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையங்களின் வாயிலாக ஆபிரிக்காவுக்கே திரும்பவும் இரவல் கொடுக்கப்பட்டன. மறுபுறம், மேற்கு ஆபிரிக்கத் திரையரங்குகளில் என்ன ஓடவேண்டும் என்பதைக் கொமாசிகோ, செக்மா என்னும் இரு கம்பனிகள் தீர்மானித்தன. ஆபிரிக்கன் எடுத்த படத்துக்கு ஆபிரிக்கத் திரையரங்கிற் பெரும்பாலும் இடமிருக்கவில்லை.

இந்நிலையை எதிர்த்து நிகழ்ந்த போராட்டமும் பாடத்திற்குரிய பொருளே. 1970இல் மேல் வோல்ற்றா அரசு திரையரங்குகளைத் தேசியமயமாக்கியது. கம்பனிகள் படங்களை அனுப்ப மறுத்துப் பதிலடி கொடுத்தன. அந்நாட்டுத் தலைநகர் வாகாடூகுவில் 1969இல் தொடங்கிய ஃபெஸ்பாகோ விழாவும், ஆபிரிக்கத் திரைப்படக்காரர் கூட்டமைப்பாகிய ஃபெபாசியும் இக்காலத்தின் விளைபொருள்களே. அங்கு 1976இல் ஒரு திரைப்படக் கல்வி நிறுவனம் நிறுவப்பட்டு 1987 வரை இயங்கியது. பல நாடுகள் சேர்ந்து அமைத்த விநியோகக் கூட்டமைப்பு 1980களின் நடுப்பகுதியில் முடங்கிப்போயிற்று. படத்தை உருவாக்கும் ஆற்றல் கைவந்த பின்னரும், அதனைக் கொண்டுசெல்லும் வழி கைவராத நிலையை இம்முடக்கம் உணர்த்துகின்றது.

3

மேற்கூறியவற்றை மனங்கொண்டு உஸ்மான் செம்பேனின் 'மண்டாபி' என்னும் படத்தை நோக்குவோம். மார்செய் துறைமுகத்தில் தொழிலாளியாகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்து, பிரெஞ்சில் நாவல்கள் எழுதியவர் செம்பேன். தம் நாட்டில் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு நூல்களை வாசிக்கமுடியாதவர்கள் என்ற உண்மையே அவரைத் திரைப்படத்தின்பால் திருப்பியது. மொஸ்கோவிலுள்ள கோர்க்கி படப்பிடிப்பகத்தில் மார்க் டொன்ஸ்கோயிடம் பயின்று திரும்பிய அவர், திரைப்படத்தைத் தம் மக்களுக்கான இரவுப் பாடசாலை எனக் கருதினார். முன்னர் குறிப்பிட்ட 'கல்விக்கான திரைப்படம்' என்ற கருத்தை இது தலைகீழாக்குகின்றது. அங்கே ஆட்சியாளன் ஆபிரிக்கனுக்குப் போதித்தான். இங்கே மக்கள் தம் நிலையைத் தாமே பார்த்து விவாதிக்கின்றனர்.

1968இல் வெளிவந்த 'மண்டாபி' செம்பேனின் சொந்தக் குறுநாவலைத் தழுவியது. வொலொஃப் மொழியில் அமைந்த முதல் முழுநீளத் திரைப்படம். கதை எளியது. டக்கார் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் இரு மனைவியரோடும் ஏழு பிள்ளைகளோடும் வாழ்பவர் வேலையற்ற முதியவரான இப்ராஹிமா தியெங். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்கு ஒரு காசுக்கட்டளை அனுப்புகிறான். அதில் 2,000 தியெங்குக்கு, 3,000 மருமகனின் தாய்க்கு, எஞ்சிய 20,000 அவன் திரும்பும்வரை பத்திரமாக வைப்பதற்கு. தபாலகத்திற் பணம் பெற அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் புகைப்படமும் முத்திரையும் வேண்டும். தாம் 1900ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் என்பதற்கு மேல் தியெங்குக்குத் தம் பிறப்புப் பற்றி எதுவும் தெரியாது. இதற்கிடையே செய்தி பரவி, கடன் கேட்போரும் கடன்காரரும் வாசலில் நிற்கின்றனர். இறுதியில், படித்த உறவினன் ஒருவன் அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கிப் பணத்தைப் பெற்று, தன்னைக் கள்வன் கொள்ளையிட்டுவிட்டான் என்று கூறிவிடுகிறான்.

இப்படம் அதிகாரவர்க்கத்தை நையாண்டி செய்யும் படம் எனக் கூறி அமைந்துவிடலாம். ஆயின், படத்தின் கட்டமைப்பைக் கூர்ந்து நோக்கும்போது அதற்கு மேலான ஒன்று புலனாகின்றது. பணம் இருக்கின்றது, அது தியெங்கின் பெயருக்கே வந்துள்ளது, உழைத்தவன் அவருடைய சொந்த மருமகன். ஆனால் அப்பணத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு மொழியும், ஓர் எழுத்தும், ஒரு முத்திரையும், இவற்றைக் கையாளத் தெரிந்த ஓர் இடைத்தரகு வர்க்கமும் நிற்கின்றன. 1930களின் போதனைப் படம் தபாலகச் சேமிப்பை நம்பும்படி ஆபிரிக்கனுக்குக் கற்பித்தது. செம்பேனின் படம் அதே தபாலகத்தைக் கருமபீடத்தின் இப்பக்கத்தில் நின்று பார்க்கின்றது.

படத்தின் வடிவமும் இப்பார்வையிலிருந்தே பிறக்கின்றது. நிகழ்ச்சிகள் திருப்பங்களால் முன்னேறுவதில்லை. ஒரு கருமபீடத்திலிருந்து இன்னொரு கருமபீடத்துக்குச் செல்லும் நடையால் முன்னேறுகின்றன. அகன்ற அங்கி காற்றில் அலைய, வெயிலில் நடந்துசெல்லும் தியெங்கை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம். நடையும் காத்திருப்பும் மீள மீள நிகழும்போது தொடக்கத்தில் எழுந்த சிரிப்பு மெல்லக் கரைகின்றது. தியெங்கும் குற்றமற்ற பாத்திரமாகக் காட்டப்படவில்லை. வீட்டில் மனைவியரை ஏவும் ஆண் என்ற அதிகாரமும், வராத பணத்தை வந்ததாக எண்ணிக் காட்டும் பெருமிதமும் அவரிடம் உள்ளன. ஒடுக்கப்பட்டவனை இலட்சியப்படுத்தாமலே அவன் பக்கம் நிற்கமுடியும் என்பதைச் செம்பேன் இங்கு நிறுவுகிறார்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். படத்தில் வீட்டிலும் தெருவிலும் வொலொஃப் பேசப்படுகின்றது. அதிகாரத்தின் மொழியாகப் பிரெஞ்சு குறுக்கிடுகின்றது. தமக்கு வந்த கடிதத்தையே தியெங் இன்னொருவரைக் கொண்டு வாசித்து அறியவேண்டியுள்ளது. ஆங்கில உபதலைப்புகளோ இரு மொழிகளையும் ஒரே மொழியாகச் சமப்படுத்திவிடுகின்றன. படத்தின் அடிப்படை முரண்பாடுகளுள் ஒன்று உபதலைப்பை மட்டும் வாசிப்பவனுக்குக் கேட்காமற் போகின்றது. வீட்டு மொழி ஒன்றாகவும் கந்தோர் மொழி வேறொன்றாகவும் இருந்த அனுபவம் நம் நாட்டினருக்குப் புதிதன்று. காதாற் கேட்கும்படி வழிகாட்டினால் நமது மாணவர் அம்முரண்பாட்டை விரைவிலேயே இனங்காண்பர்.

இனி, படத்தின் கதையை விட்டு அப்படம் உருவான கதைக்கு வருவோம். பிரெஞ்சு அரசின் திரைப்பட மையம் வழங்கிய முற்பண உதவியோடு 'மண்டாபி' எடுக்கப்பட்டது. வொலொஃப் வடிவத்தோடு பிரெஞ்சு மொழி வடிவமொன்றும் அதனால் எடுக்கப்படவேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் அது மீளப் புதுப்பிக்கப்பட்டமையும் விற்பனைக்கு வந்தமையும் பிரெஞ்சு, அமெரிக்க நிறுவனங்களின் வழியாகவே. ஆபிரிக்க மக்களின் பெயருக்கு அனுப்பப்பட்ட காசுக்கட்டளையாகவே இப்படமும் இருக்கின்றது. அதனை மாற்றுவதற்குரிய கையொப்பம் வேறொருவரிடம் உண்டு.

4

இன்றைய நிலையில் மூலவளங்கள் எங்கெங்கு உள்ளன என்பதைச் சுருக்கமாகத் தொகுத்து நோக்கலாம். 1961இல் தொடங்கப்பட்ட 'சினமத்தேக் ஆபிரிக்' என்னும் பெருந்தொகுப்பு பாரிஸில் பிரெஞ்சு அரசின் பண்பாட்டு நிறுவனத்திடம் உள்ளது. செம்பேனின் தாள்களும் வியேராவின் தாள்களும் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்துள்ளன. 1990களில் கல்லூரிகளுக்கென ஆபிரிக்கப் படங்களை வீடியோ நாடாக்களாக விநியோகித்த 'ஆபிரிக்கத் திரைப்பட நூலகம்' என்னும் தொகுதியைக் கலிபோர்னியா நியூஸ்ரீல் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. வாகாடூகுவில் 1989இல் தொடங்கப்பட்ட ஆபிரிக்கத் திரைப்படச் சுவடிக்கூடம் 2009இல் நகரைத் தாக்கிய வெள்ளத்தாற் சேதமடைந்தது. 2017இல் ஃபெபாசி, யுனெஸ்கோ, மார்ட்டின் ஸ்கோர்செஸியின் திரைப்பட அறக்கட்டளை ஆகிய மூன்றும் இணைந்து ஆபிரிக்கத் திரைப்பட மரபுரிமைத் திட்டத்தை அறிவித்தன. மெட் ஹொண்டோவின் 'சொலெய் ஓ', சாரா மல்டொரோரின் 'சம்பிசங்கா' முதலியன அதன்வழி மீட்கப்பட்டுள்ளன. புதுப்பித்தல் வேலையோ பெரும்பாலும் ஐரோப்பிய ஆய்வுகூடங்களிலேயே நிகழ்கின்றது.

இம்மீட்பு வேலையைக் குறைத்து மதிப்பிடுதல் பேதைமை. அது நிகழாதிருப்பின் பல படங்கள் இரசாயனச் சிதைவாற் பெயரளவில் மட்டுமே எஞ்சியிருக்கும். எனினும், எவை மீட்கப்படுகின்றனவோ அவையே பாடத்திற் சேர்கின்றன. எவை பாடத்திற் சேர்கின்றனவோ அவையே 'ஆபிரிக்கத் திரைப்படம்' எனக் கொள்ளப்படுகின்றன. இதனால், ஐரோப்பிய விழாக்களிற் பரிசுபெற்ற, பெரும்பாலும் முன்னைய பிரெஞ்சு ஆட்சிப் பரப்பைச் சேர்ந்த, சில நெறியாளர்களின் படைப்புகளே ஒரு கண்டத்தின் திரைப்படமாக உருப்பெறுகின்றன. 1992இல் வெளிவந்த 'லிவிங் இன் பொண்டேஜ்' என்ற படத்தையடுத்துப் பெருகிய நைஜீரிய வீடியோப் படங்கள் ஆபிரிக்காவின் பல நாடுகளிலும் வீட்டுக்கு வீடு பார்க்கப்பட்டவை. சந்தையில் மலிவாகக் கிடைத்த அவற்றைக் கல்வியுலகம் நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. பாடத்தில் இருப்பதை ஆபிரிக்கர் காண்பதரிது. ஆபிரிக்கர் காண்பது பாடத்தில் இடம்பெறுவதரிது. இம்முரண்பாட்டை மறைத்துக் கற்பிப்பவர், தம்மை அறியாமலே விநியோகத்தரின் தெரிவைத் தம் விமரிசனத் தெரிவாக ஏற்றுக்கொள்கிறார்.

எழுத்து மூலங்களிலும் இதே சிக்கலின் சாயல் உண்டு. வியேரா 1975இல் வெளியிட்ட ஆபிரிக்கத் திரைப்பட வரலாறு பிரெஞ்சில் உள்ளது. எதியோப்பியரான தெஷோமே கபிரியேல் 1982இல் எழுதிய மூன்றாம் உலகின் மூன்றாவது சினிமா பற்றிய நூலும், மாலி நாட்டவரான மந்தியா தியவாரா 1992இல் வெளியிட்ட ஆபிரிக்கத் திரைப்படத்தின் அரசியலும் பண்பாடும் பற்றிய நூலும் ஆங்கிலத்தில் உள்ளன. தியவாராவின் நூல் உற்பத்தி, விநியோகம் ஆகியவற்றின் வரலாற்றை முதன்மைப்படுத்துவதால் இத்துறையில் முதலிற் படிக்கத் தகுந்தது. இவ்விருவரும் ஆபிரிக்காவிற் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றியவர்கள் என்பதும் நாம் ஆராயும் அதே நிலைமையின் பகுதியாகும்.

5

இனி, கற்பிக்கும் முறை பற்றி. இரு தவறுகள் தவிர்க்கப்படவேண்டியவை. அழகியல்வாதிகள், படத்தைப் படமாகவே பார்க்கவேண்டும். அது எங்கிருந்து வந்தது, யார் பணங்கொடுத்தார் என்பனவெல்லாம் சமூகவியல் என்பர். 'மண்டாபி'யின் நடையையும் காத்திருப்பையும் பிரெஞ்சுக் குறுக்கீட்டையும் விளக்கப் புகுந்தவுடனேயே இவ்வாதம் நிலைகுலைகின்றது. அங்கு வடிவமே சமூக உறவின் வடிவமாக உள்ளது.

இரண்டாவது தவறு நம் பக்கத்தைச் சேர்ந்தது. முற்போக்கு ஆசிரியர் பலர் ஆபிரிக்கப் படத்தைப் ஃபனோனின் கருத்துக்கோ நவகாலனித்துவக் கோட்பாட்டுக்கோ உதாரணமாக மட்டும் காட்டுகின்றனர். கருத்து முன்னரே உண்டு; படம் அதற்கு விளக்கப்படம். இவ்வாறு கையாளும்போது, திரைப்படத்தைப் போதனையைச் சுமந்துசெல்லும் பாத்திரமாகக் கருதிய குடியேற்ற நாட்டுத் திரைப்படப் பிரிவின் நோக்கிலிருந்து நாம் எவ்வளவு தூரம் விலகியுள்ளோம் என்று கேட்கவேண்டியுள்ளது. போதனையின் அரசியல் மாறியிருக்கலாம். பார்வையாளனைப் பற்றிய மதிப்பீடு மாறவில்லை. காட்சியொன்றை நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டு, ஏன் இப்பாத்திரம் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கின்றது, ஏன் இங்கு இசை இல்லை என மாணவரைக் கேட்கும் பொறுமை, வர்க்கப் பகுப்பாய்வுக்கு இடையூறன்று; அதற்கு அடிப்படை.

ஆகவே, பாடம் மூன்று படிகளில் அமையலாம். முதலாவது, படம் வகுப்புக்கு வந்த வழியை மாணவரே தேடிக் காணுதல்: யார் எடுத்தார், யார் பணங்கொடுத்தார், யார் தடுத்தார், இப்பொழுது உரிமை யாரிடம் உள்ளது. இரண்டாவது, படத்தை ஓசையோடும் மொழியோடும் காட்சி காட்சியாக வாசித்தல். செம்பேனின் குறுநாவலைப் படத்தோடு ஒப்பிடுதல் இதற்குப் பெரிதும் துணைபுரியும். மூன்றாவது, படத்தை வரலாற்றுச் சான்றுகளோடு மோதவிடுதல்.

மூன்றாவதற்குச் சிறந்த உதாரணம், செம்பேனும் தியெர்னோ ஃபத்தி சோவும் 1988இல் எடுத்த 'தியாரோய் முகாம்'. இரண்டாம் உலகப் போரிற் பிரான்சுக்காகப் போரிட்டு, தமக்குரிய சம்பளத்தைக் கேட்ட ஆபிரிக்கப் படையினர் 1944 டிசம்பர் 1ஆம் திகதி டக்கார் அருகே பிரெஞ்சுப் படையாற் சுட்டுக் கொல்லப்பட்டதை அது சித்திரிக்கின்றது. பிரெஞ்சுப் பணமின்றிச் செனகல், அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளின் கூட்டுழைப்பில் உருவான அப்படம் வெனிஸ் விழாவிற் பரிசு பெற்றும், பிரான்சில் நீண்ட காலம் பரவலாகக் காட்டப்படவில்லை. இறந்தோர் 35 பேர் என்ற அரச கணக்கு வரலாற்றாசிரியராற் கேள்விக்குள்ளாக்கப்பட்டுள்ளது. நிகழ்ந்தது படுகொலையே எனப் பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொண்டது 2024இல். அதே ஆண்டிலேயே புதுப்பிக்கப்பட்ட படம் கான் விழாவிற் காட்டப்பட்டது. அரச சுவடிகள் மௌனம் காத்த காலத்தில் ஒரு திரைப்படம் சுவடியின் பணியைச் செய்திருக்கின்றது.

செனகலிலேயே செம்பேனின் 'செட்டோ' 1977இல் வெளிவந்தபோது, தலைப்பின் எழுத்துக்கூட்டல் அரச விதிக்கு முரணானது எனக் கூறித் தடைசெய்யப்பட்டது. கலைஞன் தன் மொழியிற் பெயரிடும் உரிமைக்காக விடுதலை பெற்ற தன் நாட்டிலேயே போராடவேண்டியிருந்தது. எனவே, பகையை வெளியில் மட்டும் தேடுதல் போதாது. 'மண்டாபி'யிற் காசுக்கட்டளையை விழுங்கியவன் பிரெஞ்சுக்காரனல்லன், தியெங்கின் உறவினன்.

வளங்களைத் தேடுபவர் இறுதியில் வந்தடையும் முடிபு இதுவே: ஆபிரிக்கத் திரைப்படத்தைக் கற்பிப்பதற்கான முதன்மை வளம் ஆபிரிக்க மக்கள் அப்படங்களைக் காணும் உரிமையாகும். அவ்வுரிமை நிலைநாட்டப்படாதவரை ஏனைய நாடுகளின் வகுப்பறைகளில் நாம் நடத்தும் பாடம் இரவற் பிரதியைக் கொண்டு நடத்தும் பாடமே. இரவல் என்பதை அறிந்து, அதனைச் சொல்லி நடத்தும் பாடத்துக்கு ஒரு நேர்மையுண்டு. 'மண்டாபி'யின் இறுதியில், நேர்மைக்கு இவ்வுலகில் இடமில்லை என மனமுடைந்து நிற்கும் தியெங்கிடம், இந்நிலை மாற்றப்படவேண்டும் என எடுத்துரைப்பவர் காசுக்கட்டளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த தபாற்காரரே. கொண்டுவந்து சேர்த்தலும் மாற்றத்தைப் பற்றிப் பேசுதலும் ஒருவருடைய பணியாகவே அங்கு அமைந்துள்ளன. ஆசிரியரின் பணியும் அத்தகையதே.